இடது கை ஆள்காட்டி விரல்

"நிலைமையைக் கவனித்து வருகிறோமாம்! இன்னாத்த கவனிக்கிறாங்க? நம்ம புள்ள அங்க ஜெயில்ல கீறான். தூதரகம் தூங்கிக்கினு கீது!"

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் துரைராஜ் மைக்கில் முழங்கினார். ரயிலுக்கு ஓடியவர்கள்கூட நின்று கேட்டார்கள். கட்சியில் கிளைச் செயலாளர், தொண்டைக்குக் கேட்கவா வேண்டும்!

"அங்க நடந்ததெல்லாம் ஒரு எலெக்‌ஷனா? செத்தவன்லாம் எழுந்து வந்து ஓட்டு போட்டுக்கீறான்! அதைத் தட்டிக் கேக்க ஒருத்தனுக்கும் வாய் இல்ல!"

நம்ம புள்ள என்று அவர் சொன்னது ஜெரோமை. கடல் தாண்டி ஒரு சின்ன நாட்டில் ஏ.சி. மெக்கானிக். லீவில் வந்தவன், நம்ம ஊர்த் தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டு மாலை விமானத்தில் திரும்பினான். அடுத்த வாரம் அங்கேயும் தேர்தல். வெளிநாட்டுக்காரர்களை வைத்துக் கள்ள ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று ஒரே ரகளை. போலீஸ் ரோட்டில் போகிறவர்களின் விரலைப் பிடித்துப் பார்த்தது. ஜெரோம் விரலில் மை இருந்தது. தூக்கி உள்ளே போட்டுவிட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் அவன் மனைவி ஹெப்சி துரைராஜ் வீட்டுக்கே வந்துவிட்டாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம்.

"அண்ணா, தூதரகத்துலேர்ந்து போன் பண்ணாங்க. தினமும் ஜெயிலுக்குப் போய் அவரைப் பாக்கறாங்களாம். நாளைக்குக் கோர்ட். அந்த மை இங்க வெச்சதுதான்னு காட்டினா விட்டுருவாங்களாம்."

"அப்படியா?" துரைராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கதானே பூத் ஏஜென்ட்? ஓட்டுப் போட்டவங்க பேரையெல்லாம் உங்க லிஸ்ட்ல டிக் அடிச்சிருப்பீங்களே. அவரைக் கார்ல கூட்டிட்டுப் போனதும் நீங்கதான். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, கூட ஒரு லெட்டர் குடுத்தா இப்பவே அனுப்பிடுவேன்."

"லிஸ்டா... அது எங்க கீதோ... ஆபீஸ்ல..."

"இந்தாங்க, பீரோ மேலதான் இருந்துது" என்று அவர் மனைவி சாமுண்டீஸ்வரி கொண்டுவந்து நீட்டினாள். "பாவங்க அந்தப் பொண்ணு. சீக்கிரம் பாருங்க."

ஹெப்சியே வாங்கி வரிவரியாகத் தேடினாள். அவள் பெயர் இருந்தது, பக்கத்தில் டிக்கும் இருந்தது. ஜெரோமைக் காணோம். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"வெளிநாட்டுல கீறான்னு இந்தத் தடவ பேரை எடுத்துட்டாங்கம்மா" என்றார் துரைராஜ், சுவரைப் பார்த்து.

"பேரே இல்லையா? அப்ப மை எப்படிண்ணா வந்துச்சு? வீட்டுக்கு வந்து என்கிட்ட விரலைக் காட்டினாரே! எனக்கு ஒண்ணுமே புரியலை."

துரைராஜ் மறுபடி துண்டால் முகத்தைத் துடைத்தார். ஸ்டேஷன் வாசலில் அத்தனை முழங்கிய மனுஷன்தான்.

"நீங்க கூட இருந்தீங்கல்ல? என்ன நடந்துச்சுன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. நாளைக்குக் கோர்ட்!"

"நான்... கவனிக்கிறேம்மா. நீ வூட்டுக்குப் போ."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு லிஸ்டைப் புரட்டிய சாமுண்டீஸ்வரி ஒரு பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, உங்கப்பா பேருக்கு நேரா டிக் அடிச்சிருக்கீங்களே! மாமா செத்து எட்டு வருஷமாச்சே, அவரு எப்படி வந்து ஓட்டுப் போட்டாரு?"