மேகத்தை அளக்கும் முக்காலி

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு எதிரே, வெட்டாமல் விட்ட கித்தா (ரப்பர்) மரங்களின் அருகே, கருவி பொருத்திய ஒரு முக்காலி நிற்கிறது. அதன் ஒரு காலை மிதித்தபடி அர்ச்சுனன் நிற்கிறார். போன முறை நிலம் அளக்க இப்படியொரு முக்காலி வந்த பிறகுதான் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் முளைத்தன. பின்னாலேயே தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் வேலி வந்தது. கோயில் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது; வீடுகளுக்கான வழக்கு இன்னும் நடக்கிறது. “நெலத்த அளக்க வரலண்ணே, மேகத்த அளக்க வந்திருக்கேன்,” என்கிறாள் காம்பார் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவி தினேஸ்வரி. துணி காயப்போடும் பெண்களின் கைகள் கொடியிலேயே நின்றுவிடுகின்றன. அவள் ஒரு கறுப்பு வில்லையை அவர் கண்ணெதிரே பிடித்து மெல்லத் திருப்புகிறாள். சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக் குன்றின் மேல் வானம் இருள்கிறது. மேகம் மட்டும் வெள்ளையாகத் துருத்துகிறது. இன்னும் திருப்ப, எல்லாம் வெளுக்கிறது. “சாட்டலைட்லயும் இந்த மாதிரி கண்ணாடிதான். மேகத்துல பட்டுத் திரும்புற வெளிச்சம் அதுல வளையம் வளையமா தெரியும். வளையத்தோட அகலத்த வெச்சே உள்ள இருக்குற துளி எவ்ளோ பெருசுன்னு சொல்லிடலாம். அது சரியான்னு கீழேருந்து பாக்கத்தான் இந்த முக்காலி.” அர்ச்சுனன் வில்லையைக் கையில் வாங்கவில்லை. “அந்தப் படத்துல எங்க வீடு தெரியுதா?” அவள் சிரித்தபடி கைப்பேசியைக் காட்டுகிறாள். “தோட்டம் பூராவும் ஒரே ஒரு புள்ளிண்ணே. வீடெல்லாம் ஒண்ணும் தெரியாது.” அவர் அந்தப் புள்ளியையே பார்க்கிறார். மிதித்த கால் நகரவில்லை. “கம்பெனி வக்கீலும் கோர்ட்ல இதத்தான் சொன்னாருலா. இங்க வீடே இல்லன்னு.”