யாருக்கு வந்த சர்க்கரை

“நல்லதுக்குத்தானே சொன்னேன், நாலு பேருக்குத் தெரிஞ்சா...”

“நாலு பேரா? பூக்காரி வரைக்கும் சொல்லியிருக்கீங்க. கோயில்ல குருக்கள் எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் குடுத்துட்டு, எனக்கு மட்டும் திருநீறை நீட்டுதாரு.”

“வேண்டாம்னு சொல்ல நீ கூச்சப்படுவியேன்னுதான் பகவதி...”

“எனக்கென்ன கூச்சம்? சர்க்கரை வந்தது எனக்கு. யார்கிட்ட எப்படிச் சொல்லணும்னு மனசுக்குள்ள பேசிப் பாத்து வச்சிருந்தேன். வாயைத் திறந்தா, ‘தெரியும்க்கா, அண்ணாச்சி சொன்னாரு’ங்காக. என் சேதியை எனக்கே திருப்பிச் சொல்லுதாக.”

அருணகிரிக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“தென்காசியில உன் தங்கச்சிகிட்ட மட்டும் இன்னும் சொல்லல,” என்றார் மெதுவாக.

“நிசமாவா?”

“அவ அழுதா எனக்குத் தாங்காது.”

பகவதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தங்கை நேரிலேயே வந்துவிட்டதுபோல முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்போதே போனை அவள் கையில் கொடுத்தார்.

“ஏட்டி வடிவு, கையில இருக்க வேலையைப் போட்டுட்டு இப்படி உக்காரு. ஒரு சேதி இருக்கு, நான்தான் சொல்லுவேன்.”