பச்சைத் தாள்

"நாடியக் கீழ இறக்கி நெஞ்சோட ஒட்டுங்க... ம், இப்ப முழுங்குங்க."

முத்துத்தாய் அரைக் கரண்டிக் கூழைப் புருஷன் வாயில் வைத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்கும்வரை கண் கொட்டாமல் பார்த்தாள். இறங்கிய பிறகுதான் அடுத்த கரண்டி. ஒரு சொட்டு புரையேற விடவில்லை.

விருமாண்டி கொட்டாம்பட்டிப் பக்கத்து மாட்டுத் தரகர். நாலு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து நாக்கு மரக்கட்டையாகிப்போனது. மூக்கில் குழாய் வைத்து ஊற்றிக்கொண்டிருந்த மனுஷன் இன்று வாயால் கூழ் குடிக்கிறார் என்றால், அதில் பாதிப் பங்கு முத்துத்தாயுடையது. வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்கள்கூட, "கட்டுனவனப் பாத்தா இப்படிப் பாக்கணும்" என்று பேசிக்கொண்டார்கள்.

சிம்மக்கல் மாடியறையில் விழுங்கவும் பேசவும் பயிற்சி கொடுக்கும் அஸ்வினியும் மூன்று வாரத்துக்கு முன்புவரை அப்படித்தான் நினைத்தாள். இன்று வீட்டுப் பயிற்சித் தாள்களை வாங்கிப் பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

மஞ்சள் தாள் விழுங்குவதற்கு, பச்சைத் தாள் பேசுவதற்கு. மஞ்சளில் ஒரு வேளை விடாமல் டிக் போட்டு, கூழ்க் கறை பட்டு, மடிப்பெல்லாம் நைந்து கிடந்தது. பச்சை, கொடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே புத்தம்புதுசாக இருந்தது.

"மூணாவது வாரமா இதே கதை! கண்ணாடி முன்னாடி உக்கார வச்சு பா, தா, கா சொல்ல வைக்கணும். பத்து நிமிஷ வேலை. அதுகூட முடியாதா?"

"வேலைம்மா... மறந்துபோச்சு."

"கூழ் மட்டும் மறக்கலையே? அது வேளை தவறாம நடக்குதே!"

முத்துத்தாய் கரண்டியைத் துடைத்தாள். "நாலு மாசமா வீட்டுல ஒரு சத்தமில்லம்மா" என்றாள்.

"அதைத்தானே நானும் சொல்றேன்! மனுஷன் உள்ளுக்குள்ள தவிக்கிறாரு. காலத்துக்கும் ஊமையாவே வச்சிருக்கப் போறீங்களா?"

முத்துத்தாய் கூழ்க் கிண்ணத்தை மூடினாள். விருமாண்டி நல்ல கையால் நாற்காலியைத் தட்டினார். மனைவியைப் பார்த்த கண்ணில் நீர் முட்டி நின்றது.

அந்தக் கண்ணீரை அஸ்வினி பார்த்தாள். தீனியும் தண்ணியும் காட்டினால் போதும் என்று விடுவதற்கு இவர் என்ன தொழுவத்து மாடா? கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டியேவிட்டாள்.

"பேச்சு போனவங்களுக்கு, தினமும் வாயில புழங்குன வார்த்தைதான் முதல்ல திரும்பி வரும். வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாரு?"

முத்துத்தாய் தரையைப் பார்த்தாள். "பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்லம்மா."

பழைய காலத்து ஆள், 'இந்தா', 'ஏ புள்ள' என்றிருப்பார். அதைச் சொல்லக்கூட இந்த அம்மாவுக்கு வெட்கம் போல. அஸ்வினி அவளைத் தோளைப் பிடித்து நாற்காலிக்கு நேர் எதிரே நிறுத்தினாள்.

"வேணாம்மா..."

"நீங்க பேசாம நில்லுங்க!" என்று அதட்டிவிட்டு, விருமாண்டியிடம் குனிந்து குரலைத் தணித்தாள். "ஐயா, எப்பவும் இவங்களக் கூப்பிடுற மாதிரி ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க. நாக்க மேல தூக்குங்க... வரும், வரும்."

விருமாண்டியின் உதடு கோணியது. நாக்கு புரண்டது, நழுவியது, மறுபடி எழுந்து பல்லில் முட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது.

வந்துவிட்டது. நாலு மாதத்தில் முதல் வார்த்தை. எழுத்துப் பிசகாமல், வெளியே பெஞ்சுவரை கேட்கும்படி வந்தது.

உதைத்த மாட்டைக்கூடச் சந்தையில் எவனும் அப்படித் திட்ட மாட்டான். ருசி கண்டவர்போல விருமாண்டி அதையே இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை இன்னும் சுளுவாக வந்தது.

வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுபோனது. அஸ்வினிக்குக் காது மடல் சுட்டது. அத்தனை நேரம் யார் மேல் கோபப்பட்டோம் என்று நினைக்கவே கூசியது.

முத்துத்தாயின் முகம் மாறவில்லை. முப்பத்தொரு வருஷமாகக் கேட்ட காது. முந்தானையால் புருஷன் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டாள். மஞ்சள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். பச்சைத் தாளை மேசைமேல் வைத்து, அஸ்வினி பக்கம் தள்ளினாள்.

"ஊமையாவே இருக்கட்டும்மா. சோறு நான் ஊட்டிக்கிறேன்."