பேரைத் தொலைச்சவன்

"செத்துப்போன எங்கய்யாவை இன்னொருக்கா சாகடிச்சுட்டான் ஒம் மகன்" என்றார் காளிராஜ்.

பரிபூரணம் அவர் தட்டில் இன்னும் ரெண்டு இட்லியை வைத்தாள். நல்லது செய்தால் 'எம் மகன்', ஏறுமாறாகச் செய்தால் 'ஒம் மகன்'. எந்த வீட்டில்தான் அப்படி இல்லை?

விஷயம் இதுதான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் காளிராஜுக்கு ஒரே மகன், சுயம்புலிங்கம். அவரைப் பெத்த அய்யாவின் பேரை ஆசை ஆசையாக வைத்தது. பையன் பத்து வருஷமாக சிகாகோவில் இருக்கிறான். போன வருஷம், தொண்ணூற்றி மூன்றில், அமெரிக்கக் குடிமகன் ஆனான். ஆகட்டும், நல்லா இருக்கட்டும். சத்தியப் பிரமாணம் எடுத்த கோர்ட்டிலேயே பேரையும் சட்டப்படி மாற்றிக்கொண்டான். அங்கதான் வந்தது வினை.

அங்கிருந்து லீவில் வந்த சங்கரன்கோவில் பையன் ஒருத்தன் புதுப் பேர் என்னவென்று தெரியாமலே அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். டீக்கடையில் காளிராஜ் தலை தெரிந்தாலே போதும்.

"என்ன மொதலாளி, இனிமே ஒங்க மகனை மைக்கேல்னு கூப்பிடணுமா, ராபர்ட்னு கூப்பிடணுமா?"

மனுசன் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிடுவார்.

அந்த மகன்தான் மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறான். அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் நாளே அவன் ஆரம்பித்தான்.

"அப்பா, அந்தப் பேரு என்னன்னா..."

"அது எங்காதுல விழப்பிடாது" என்று பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார்.

மகனுக்கும் வீம்பு எங்கிருந்து வரும்? அப்பனிடம் இருந்துதான். இவர் கேட்கவில்லை, அவன் யாருக்கும் சொல்லவில்லை. நடுவில் கிடந்து அல்லாடினது பரிபூரணம்தான்.

இன்றைக்கு அவன் புறப்படுகிறான். மதுரைக்குப் போக டாக்ஸி வந்து வாசலில் நின்றது.

"நான் வரலை" என்றார் காளிராஜ்.

"மதுரை வரைக்கும் வர வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வாங்க. ஆண்டாளுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு நீங்க பஸ் ஏறி வந்துருங்க." பரிபூரணம் அவர் சட்டையை எடுத்து நீட்டினாள். "இப்படி மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு அனுப்புனா, பொறவு அவன் இந்தப் பக்கம் வருவானா? எனக்கு இருக்கது ஒரே பிள்ளை."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வழியெல்லாம் டிரைவரிடம் மட்டும் பேசினார், அதுவும் நூல் விலையைப் பற்றி.

கோவிலில் பட்டர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டார்.

"யார் பேருக்கு?"

"மகனுக்குங்க" என்றாள் பரிபூரணம்.

"பேரு, நட்சத்திரம்?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தூணைப் பார்த்தார்.

"நான் வச்ச பேரு அவனுக்கு வேண்டாம். அவன் வச்சுக்கிட்ட பேரு எனக்கு வேண்டாம். நீயே சொல்லிக்கோ" என்றார்.

"நான் எப்படிங்க சொல்லுவேன்?"

"சீக்கிரம் சொல்லுங்கோ, பின்னால கூட்டம் நிக்கறது."

"அம்மா, நீ சொல்லும்மா. இனிமே சொல்லலாம்" என்றான் மகன்.

"ஏய்யா, வெளையாடுதியா? அது எங்க மாமா பேருல்லா. இந்த வாயால ஒருநாளாவது சொல்லியிருக்கேனா?"

கட்டிக்கொண்டு வந்த நாளில் இருந்து மாமனார் பேரை அவள் வாயில் எடுத்ததில்லை. அதே பேரைப் பிள்ளைக்கும் வைத்தார்கள். பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ, கோவிலோ, அந்தப் பேரை அவளுக்காக வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைக்கு அர்ச்சனை செய்யவும் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது.

"தெரியும்மா" என்றான் அவன். "காலேஜ் படிக்கையில என்னைப் பாக்க மதுரை ஹாஸ்டலுக்கு வந்தியே, ஞாபகம் இருக்கா? யாரைப் பாக்கணும்னு வாட்ச்மேன் கேட்டதுக்கு, பேரைச் சொல்ல மாட்டாம சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நின்ன. தற்செயலா நான் வெளிய வரலைன்னா அப்படியே ஊருக்குத் திரும்பியிருப்ப. கோர்ட்டுல, பேரை மாத்தணும்னா மாத்திக்கிடலாம்னு சொன்னாக. எனக்கு நீ அங்க நின்னதுதான் கண்ணுக்குள்ள வந்துச்சு."

பரிபூரணத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அதான், வீட்டுல நீ மட்டும் ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுவியே, அதையே சட்டப்படி வச்சுக்கிட்டேன். தாத்தாவை நான் மறக்கலைம்மா. அவுக பேரு அப்பா சொல்லுத பேரு. எனக்கு நீ சொல்லுத பேரு வேணும்னு தோணுச்சு."

காளிராஜ் தூணை விட்டு மகன் பக்கம் திரும்பினார்.

பரிபூரணம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்.

"ராசு. பேரு ராசு. சுவாதி நட்சத்திரம்."

பட்டர் தலையை ஆட்டினார்.

"செல்லமாக் கூப்பிடறதெல்லாம் ஆத்துல வச்சுக்கோங்கோ. முழுப் பேரைச் சொல்லுங்கோ."

"அதுதான் சாமி அவன் முழுப் பேரு" என்றார் காளிராஜ். "அவுக அம்மா வச்சது."