பாசி செத்த காலை

நேற்றுச் சாயங்காலம் வரை பச்சைப்பசேலென்று இருந்த தொட்டித் தண்ணீர், விடிந்தபோது அரிசி கழுவிய நீர்போல வெளிறிக் கிடந்தது.

ஜெசிந்தன் துடுப்பைப் போட்டுக் கலக்கினான். அடியிலிருந்து மஞ்சளாக ஏதோ திரண்டு வந்தது. ஒரே நாற்றம்.

நமுனுகுலவில் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய சரிவொன்றில், பாசி வளர்த்து டீசல் எடுக்கப்போகிறோம் என்று பல்கலைக்கழகத்துக் கெம்பஸ்காரர்கள் வந்து தொட்டி கட்டியபோது தோட்டத் தொழிலாளர் லயமே சிரித்தது. டீசலுக்கு வரிசையில் கிடந்து நொந்துபோன சனம் வேறென்ன செய்யும்? தொட்டிக்குக் காவலாகப் போன ஜெசிந்தன் மட்டும் சிரிக்கவில்லை.

பாசி பிடித்துவிட்டால் அவனுக்கு நிரந்தர வேலை. வேலை கிடைத்தால் அவன் மனைவி கேஷானி குவைத்துக்குப் போகவேண்டியதில்லை.

அவள் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. மெடிக்கலும் முடித்தாயிற்று. தொட்டி வேலை வந்ததும் அவன்தான் மறித்தான். "பாசி பிடிக்காட்டி போ. அதுவரைக்கும் வாயத் திறக்காத" என்று மாதா படத்துக்கு முன்னால் வாக்கும் கொடுத்தான்.

அன்றிலிருந்து பாசியைப் பெற்ற பிள்ளைபோலப் பார்த்தான். மழை வந்தால் தகரம் போட்டு மூடினான். மாடு வராமல் முள்ளுக்கம்பி கட்டினான். குடியைக்கூடக் கொஞ்சம் குறைத்தான். குடும்பத்துக்காக உயிரையே விடுகிற மனுஷன் என்று தன்னைப் பற்றி அவனுக்கே ஒரு பெருமை.

கேஷானி நல்ல வெயிலிலும் நீளக்கைச் சட்டையோடு திரிந்தாள். அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை என்று அவன்தான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தான்.

தொட்டியைப் பொறுப்பெடுத்திருந்த கெம்பஸ் நிஷாந்தினி மிஸ் பதுளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் மொண்டு, ஏதோ சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மயில்துத்தம் கலந்திருக்கு, ஜெசிந்தன். பாசிக்கு அது விஷம். யாரோ வேணும்னே கொட்டியிருக்காங்க. இனி ஒண்ணும் செய்ய ஏலாது."

போஞ்சிச் செடிக்கு மருந்தாகக் கரைத்து அடிக்கிற நீலக் கல். லயத்தில் அது இல்லாத வீடு ஏது? சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் மனதுக்குள் இழுத்து வந்து நிறுத்தித் திட்டினான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவிகள், ஒரு மனுஷனை வாழவிடமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தான். தொட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேஷானி கேட்கவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள்.

கோப்பையை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தான். எப்போதும் பிடிக்கிற பிடிதான். சட்டைக் கை மேலே ஏறியது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மணிக்கட்டில் அவன் விரல்கள் பதிந்து கன்றியிருந்த நீலம் அவனுக்குத் தெரிந்ததுதான்.

அவள் நகக்கண்களில் இருந்த நீலத்தை இப்போதுதான் பார்த்தான்.