கையெழுத்துப் போட்டால் வீடு போச்சு

"நான் இல்லைன்னு சொல்லு." பெரியவர் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்.

"அவர் வெளியே போயிருக்காருங்க" என்றாள் மனைவி.

"செருப்பு மட்டும் போகலையாக்கும்" என்றார் தபால்காரர். "ரிஜிஸ்டர் தபாலும்மா. அவர் பேருக்கு வந்தது, அவர்தான் கையெழுத்துப் போடணும்."

"யார் அனுப்பினது?"

"பின்கட்டுதான். உங்க கொழுந்தனார்."

பெரியவர் கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். மாசக் கடைசிக்குள் பின்கட்டைக் காலி பண்ணச் சொல்லி நாலு நாளைக்கு முன்னால்தான் தம்பிக்கு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் விட்டிருந்தார். தம்பி கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வரவேண்டும். அதுதான் கோர்ட்டுக்குச் சாட்சி. அட்டையைக் காணோம், இது வந்து நிற்கிறது.

அன்றைக்குத் தபாலாபீசில் எவ்வளவு உஷாராக இருந்தார். "விலாசம் எழுதித் தரட்டுமா தாத்தா?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டதற்குக்கூட, "மூத்தவன் பேரு எங்க வரணும், இளையவன் பேரு எங்க வரணும்னு எனக்குத் தெரியும்" என்று, மூத்தவன் பேரை நடுவில் பெரிசாகவும் இளையவன் பேரைக் கீழே ஓரத்தில் சின்னதாகவும் தானே எழுதினார். கொடுத்த ரசீதைப் படிக்கக் கண்ணாடி இல்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மனைவி உள்ளே வந்தாள். "வாங்கித்தான் பாருங்களேன். கூடப் பொறந்தவரு, தலையையா கேட்டுடப் போறாரு?"

"முந்திக்கிட்டான்டி. கையெழுத்துப் போட்டா வீடு போச்சு. வேண்டாம்னு சொல்லு."

தபால்காரர் கவர்மேல் 'வாங்க மறுத்தார்' என்று எழுதினார். "அனுப்பினவருக்கே திரும்பப் போயிடும்மா."

"போகட்டும்" என்றது கதவு.

ராத்திரி தூக்கமில்லை. காலையில் காபி இறங்கவில்லை. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தார். பின்கட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் சுவரில் காதை வைத்தார்.

"இங்க ஒரு கையெழுத்து சார்." தபால்காரர் குரல். கவர் கிழிபட்டது.

ரெண்டு வருஷமாக இவரோடு ஒரு வார்த்தை பேசாத தம்பி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, நீ எழுதின நோட்டீஸை நீயே வேண்டாம்னுட்டியே."