முப்பத்து நாலுக்கு அப்புறம்

"பாடம் எடுக்கிறவளுக்கே பாடம் வரலையா?"

பெண்கள் ஓதல் வகுப்பின் செயலாளர் மைக்கை அணைக்காமலே கேட்டார். மைக் கையில் கிடைத்தால் அவர் யாரையும் விடமாட்டார்.

மேடையில் நின்ற மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அல்லாஹ்வின் தொண்ணூற்று ஒன்பது திருநாமங்களை இதே கூடத்தில் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவள். இன்றைய போட்டியில் முப்பத்து நாலாவதான "யா கஃபூர்" வரை மளமளவென்று ஓதிவிட்டு, அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுக்கு முன்னால் ஓதியது மாமியார். அறுபது தாண்டிய பிறகு ஆசைப்பட்டு, மருமகளிடமே படித்தவர். அவரும் "யா கஃபூர்" வரை ஒழுங்காகத்தான் வந்தார். அங்கே அதே சாயலில் வரும் பதினாலாவது "யா கஃப்பார்" என்று நாக்கு வழுக்கி, பதினைந்தாவது நாமத்துக்கே திரும்பிப் போய்விட்டது. மூன்று தடவை அதே சுற்று. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன். இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அழுதுகொண்டே இறங்கினார். அடுத்ததாகத்தான் மருமகள் ஏறினாள்.

"அடுத்த வாரத்திலேருந்து வேற ஆள் பாடம் எடுக்கட்டும்" என்று செயலாளர் முடித்துவிட்டார்.

வீடு திரும்பும்போது மாமியாருக்கு அழுகை போன இடம் தெரியவில்லை.

"விடும்மா. உனக்கே அந்த இடத்துல இடறுதுன்னா நானெல்லாம் எம்மாத்திரம்! வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் கடைசி வரிசையில உக்காந்து படிப்போம்."

"நீங்க வந்தா நானும் வர்றேன் மாமி."

"வராம? முழுசா முடிக்காம விடமாட்டேன்."

வீடு வந்ததும் மருமகள் பாத்திரம் கழுவப் போனாள். தண்ணீர் குடிக்க வந்த மாமியார் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

குழாய்ச் சத்தத்துக்கு நடுவே மெல்லிய குரல். "யா கஃபூர்... யா ஷகூர்... யா அலிய்யு..."

தொண்ணூற்று ஒன்பது வரை ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

மாமியார் தண்ணீர் குடிக்கவில்லை. சத்தம் காட்டாமல் திரும்பி வந்து, செயலாளருக்குப் போன் போட்டார்.

"வேற ஆள் தேடாதீங்க. அவ ஒண்ணும் மறக்கல. மறந்தது நான் ஒருத்திதான். அவமானத்துல என்னைத் தனியா விட மனசு வராம, அவளும் வந்து பக்கத்துல நின்னுட்டா."